மூன்று காலைகளின் மூச்சு

பதினேழு நாள் வயதான ஒரு பெண்ணைப் பற்றி, லாரல் ஓடை என்ற மலையூரின் கடைசி வீட்டில் அன்று காலை மூன்று கருத்துகள் நிலவின.

குழந்தை ஓப்பல் பொறுமைசாலி என்பது அவளுடைய அத்தை டெல்ஃபியாவின் கருத்து. மணி ஏழாகியும் பாலுக்கு அழாத குழந்தையை வேறு எப்படிச் சொல்வது? ஓப்பல் தன்னைப்போல் தூக்கப்பிரியை என்பது தந்தை ஹோபர்ட்டின் கருத்து. இரவு முழுவதும் சுரங்கத்தில் உழைத்துத் திரும்பியவன், முகத்துக் கரியைப் பாதி கழுவியும் பாதி விட்டும், அந்தக் கருத்தை உதிர்த்துவிட்டுக் கட்டிலில் விழுந்தான். மூன்றாவது கருத்து தாய் டிரீமாவுடையது. அதை அவள் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சொல்லாமலிருப்பது அந்த வீட்டில் அவள் கற்றுக்கொண்ட வித்தை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் மணமாகி வந்தபோது, வீடு டெல்ஃபியாவின் ஆட்சியில் இருந்தது. தாயை இழந்த ஹோபர்ட்டைத் தன் பதினாறாம் வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள் டெல்ஃபியா. தனக்கென்று மணமும் மக்களும் தேடிக்கொள்ளாதவள். சென்ற வாரம் தொட்டிலைக் குறித்து ஒரு பூசல் எழுந்தது. கரியடுப்பின் அனல் வேண்டாமென்று டிரீமா தொட்டிலைச் சன்னலோரம் நகர்த்தினாள். குளிர் வேண்டாமென்று டெல்ஃபியா அதை அடுப்போரம் திருப்பினாள். ஹோபர்ட் அதை நடுக்கூடத்தில் நிறுத்தி, இருவரையும் ஒருசேரப் பகைத்துக்கொண்டான்.

தொட்டில் இன்னும் நடுக்கூடத்தில்தான் நின்றது. டிரீமா அதன் மேல் குனிந்திருந்தாள்.

"அண்ணி, பாப்பா கடைசியாப் பால் குடிச்சது ராத்திரி ரெண்டு மணிக்கு. அதுவும் அரைகுறையா."

"தூங்குற பிள்ளைய எழுப்பாத, டிரீமா." டெல்ஃபியா மாவைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "தூக்கத்துலதான் பிள்ளை வளரும். ஹோபர்ட் இப்படித்தான். தூங்க ஆரம்பிச்சா ஒரு நாள் போயிடும்."

"அந்தப் பழக்கம் இன்னும் போகல."

டெல்ஃபியா சிரித்தாள். டிரீமா சிரிக்கவில்லை. அவள் கை குழந்தையின் கழுத்தடியில் இருந்தது. அந்தச் சூடு போர்வையின் சூடன்று, அடுப்பின் சூடுமன்று.

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து வெப்பமானியை எடுத்தாள். குழந்தை பிறந்த ஐந்தாம் நாள், மாவட்டச் சுகாதாரத் துறைச் செவிலி கொடுத்துச் சென்றது அது. அதனுடன் ஓர் அச்சிட்ட தாளும் வந்தது. தாளை டிரீமா குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினாள். மறுநாளே டெல்ஃபியா அதன் மேல் தேவாலய நாட்காட்டியைத் தொங்கவிட்டாள்.

"தொட்டா தெரியாத சூட்டக் கண்ணாடிக்குச்சி வந்து சொல்லணுமா?" என்றாள் டெல்ஃபியா.

"தொட்டா சூடுன்னு தெரியுது. எவ்வளவுன்னு தெரியல."

குழந்தையின் ஆசனவாயில் செருகிய குச்சியை மூன்று நிமிடம் பிடித்திருந்தாள். ஓப்பல் முகம் சுளித்தாள், அழவில்லை. பாதரசம் நூற்றொன்றைத் தாண்டி, புள்ளி ஆறில் நின்றது.

அப்போதுதான் டிரீமா அவற்றைக் கண்டாள். குழந்தையின் இடது கடைவாயோரம் மூன்று சிறு கொப்புளங்கள் ஒட்டி நின்றன. மோவாயில் இன்னொன்று. ஊசிமுனையில் நீர்த்துளி நின்றாற்போல் இருந்தன; சுற்றிலும் தோல் சிவந்திருந்தது. நேற்று மாலை குளிப்பாட்டியபோது அவை இல்லை.

டெல்ஃபியா மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"வெளிய வந்துடுச்சு," என்றாள். "நான் அப்பவே நெனச்சேன். முதல் வாரம் மேல்ல சிவப்பு சிவப்பா வந்துச்சு, ரெண்டே நாள்ல காணாமப் போச்சு. உள்ள திரும்பிடுச்சோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். உள்ள திரும்பினா நேரா நெஞ்சைப் பிடிக்கும். இப்பப் பாரு, வெளிய தள்ளுது. இனிமே கவலை இல்ல."

"காய்ச்சல் நூத்தி ஒண்ணு புள்ளி ஆறு, அண்ணி."

"காய்ச்சல்தான் தள்ளுது. ரெண்டு கரண்டி பூனைப்புதினாத் தேநீர் குடுத்து, நல்லாச் சுத்தி, அடுப்புப் பக்கம் போடு. சாயங்காலத்துக்குள்ள ஒடம்பு முழுக்க வந்துடும். காய்ச்சல் தானா எறங்கும்."

அந்த மலைநாட்டில் இதை யாரும் மறுத்ததில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் உடலுக்குள் ஒரு தடிப்பு உண்டு, அது தோலுக்கு வந்தே தீரவேண்டும், வந்துவிட்டால் பிழைப்பு, வராவிட்டால் இறப்பு என்பது அவர்கள் கணிப்பு. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தோல் தடித்தது. பெரும்பாலான குழந்தைகள் பிழைத்தன. ஆகவே தடித்ததனால்தான் பிழைத்தன என்று முடிவு கட்டினார்கள். பிழைக்காதவற்றைக் குன்றின் மேல் புதைத்தார்கள். புதைத்த இடத்தில் நின்று எவரும் கேள்வி கேட்கவில்லை. துயரத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்பது பண்பாகாது என்று அந்த ஊர் கருதியது.

டெல்ஃபியா அடுப்பிலிருந்து அந்த மூலிகைத் தேநீர்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். கரண்டி குழந்தையின் உதட்டருகே வந்தபோது, டிரீமாவின் கை குறுக்கே நின்றது.

"வேணாம் அண்ணி."

இரண்டு ஆண்டுகளில் அந்த வீட்டில் அந்தச் சொல்லை அவள் சொன்னது அதுவே முதல் முறை. தொட்டிலைக்கூடச் சொல்லாமல்தான் நகர்த்தியிருந்தாள்.

"என்ன வேணாம்?"

டிரீமா குளிர்பெட்டிக்குச் சென்று நாட்காட்டியைத் தூக்கினாள். "மூணு மாசத்துக்கு உள்பட்ட குழந்தைக்கு நூறு புள்ளி நாலு வந்தா காத்திருக்கக் கூடாது, வீட்டு வைத்தியம் பண்ணக் கூடாது, உடனே கூட்டிட்டு வரணும்னு இதுல இருக்கு."

"அந்தச் செவிலிப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகல. அவ எழுதிக் குடுத்ததை வெச்சுக்கிட்டு நீ எனக்குப் பாடம் நடத்துறியா?"

"அவங்க எழுதல. அச்சடிச்சது."

"அச்சுல வந்தா ஆண்டவன் சொன்னதா ஆயிடுமா?"

"உங்க பைபிளும் அச்சுல வந்ததுதான், அண்ணி."

டெல்ஃபியா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். வைத்த ஓசை சற்றுக் கூடுதலாகக் கேட்டது. "ஹோபர்ட் எந்திரிக்கட்டும். அவன் சொல்லட்டும்."

ஹோபர்ட் எழுவதற்கு விருப்பமற்றவனாக இருந்தான். டிரீமா போர்வையை இழுத்தாள்.

"பத்து நிமிஷம்," என்றான் தலையணைக்குள்ளிருந்து.

"பாப்பாவுக்குக் காய்ச்சல். வாய்கிட்டக் கொப்புளம் வந்திருக்கு. எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்குறா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அக்கா என்ன சொல்றா?"

"நான் உன்னைக் கேட்டேன்."

"அக்கா எத்தனை பிள்ளைங்களப் பாத்திருக்கா தெரியுமா? இந்த ஓடையில பாதிப் பேர்..."

"ஹோபர்ட்." அவள் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தாள். குரல் உயரவில்லை. "சுரங்கத்துக்குள்ள வாயு அளக்குற கருவி இருக்கே, அது மணி அடிச்சா என்ன பண்ணுவ?"

"வெளிய வருவேன்."

"பக்கத்துல முப்பது வருஷம் வேலை பாத்தவரு, 'எனக்கு மூக்குல ஒண்ணும் வாசனை வரல, நீ பேசாம உக்காரு'ன்னு சொன்னா?"

அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். டெல்ஃபியாவின் தந்தை அந்த வாயுவில்தான் மாண்டார், டெல்ஃபியா பிறப்பதற்கு இரண்டு திங்கள் முன்பு. அதன்பின் அவள் தாய் மறுமணம் செய்துகொண்டாள். அந்த மணத்தில் பிறந்தவன் ஹோபர்ட்.

"மணி அடிச்சிடுச்சு," என்றாள் டிரீமா. "வண்டிச் சாவி எங்க?"

அவன் எழுந்து காலணியைத் தேடினான்.

மருத்துவமனை நாற்பது நிமிடத் தொலைவு. பழைய சரக்கு வண்டியின் ஒற்றை இருக்கையில் மூவரும் நெருக்கி அமர்ந்தார்கள். வீட்டில் இரு என்று ஹோபர்ட் சொன்னதை டெல்ஃபியா காதில் வாங்கவில்லை. நடுவில் அமர்ந்த டிரீமாவின் மடியில் குழந்தை. டெல்ஃபியாவின் கைப்பையில், துணி சுற்றிய ஒரு கண்ணாடிக் குப்பி.

"என்ன அது?" என்றான் ஹோபர்ட்.

"தேநீர். டாக்டர் கையை விரிச்சா அப்பத் தேடுவீங்க."

சாலையோரம் மார்ச் மாத ஓடை சேற்று நிறத்தில் ஓடியது. டிரீமா குழந்தையின் உள்ளங்காலை விரலால் சுண்டிக்கொண்டே வந்தாள். சுண்டும்போது ஓப்பல் கண் திறப்பாள். விரல் நின்றதும் மூடிக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் திறப்பதற்குச் சற்றுக் கூடுதல் நேரமானது.

டிரீமாவின் பார்வை தற்செயலாக டெல்ஃபியாவின் முகத்தில் நின்றது. கீழுதட்டின் இடது ஓரத்தில் காய்ந்த பொருக்கு ஒன்று, உதிரும் தறுவாயில் இருந்தது. டிரீமா அதைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் கடைவாயைப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் புரிந்துவிடவில்லை. ஆயினும் பார்வையை இரண்டாம் முறையும் அங்கேயே கொண்டுபோனாள்.

மருத்துவமனையில் எல்லாம் விரைந்து நடந்தன. குழந்தைக்குப் பதினேழு நாள் என்றதும் பெயர் எழுதும் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். குழந்தையின் ஆடையைக் களைந்தார்கள். குதிகாலில் குருதி எடுத்தார்கள். முதுகெலும்பில் ஊசியிட்டு நீர் எடுக்கும்போது, பெற்றோர் வெளியே நிற்கவேண்டும் என்றார்கள். கதவு சாத்தப்பட்டது. உள்ளிருந்து அழுகுரல் கேட்டது. அன்று முழுவதும் ஓப்பல் அழுதது அதுவே முதல் முறை. டிரீமா அந்த ஒலிக்காகக் கதவில் காதை வைத்து நின்றாள்.

டாக்டர் பிளெவின்ஸ் நாற்பது வயதுப் பெண்மணி. அடுத்த பள்ளத்தாக்கில் பிறந்து, படித்துவிட்டு அங்கேயே திரும்பி வந்தவர். கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு. சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருந்தா நான் வேற மாதிரி பேசிக்கிட்டு இருப்பேன். காய்ச்சலுக்கான மருந்து ரெண்டு ஏத்தியாச்சு. ஆனா அந்தக் கொப்புளம் எனக்குப் பிடிக்கல. ஒரு கேள்வி கேக்கணும், யோசிச்சுச் சொல்லுங்க." அவர் டிரீமாவை நோக்கினார். "உங்களுக்கு உதட்டுல, இல்ல வேற எங்கயாவது, கொப்புளம் வந்திருக்கா? எப்பவாவது?"

"இல்ல."

"வீட்ல யாருக்காவது? உதட்டுல காய்ச்சல் கொப்புளம் இருந்தவங்க பாப்பாவுக்கு முத்தம் குடுத்தாங்களா? வாய்ல ஊதினாங்களா? நானும் இந்தப் பக்கத்துப் பொண்ணுதான். என் வாயிலயும் யாரோ ஊதியிருக்காங்க. அதனாலதான் கேக்குறேன்."

"இல்ல," என்றான் ஹோபர்ட். கேள்வி முடிவதற்குள் அந்த விடை வந்துவிட்டது.

டெல்ஃபியா கைக்குட்டையை உதட்டருகே கொண்டுபோயிருந்தாள்.

ஒன்பது நாள் முன்பு நடந்தது இது. பிறந்த எட்டாம் நாள், குழந்தையின் நாக்கில் தயிர் ஒட்டினாற்போல் வெண்படலம் தோன்றியது. பிறந்த மகவின் வாயில் வெள்ளை படிந்தால், தன் தந்தையின் முகத்தைக் கண்டிராத ஒருவர் மூன்று காலைகள் வெறும் வயிற்றோடு அந்த வாயில் ஊதவேண்டும் என்பது லாரல் ஓடையின் மருத்துவம். டெல்ஃபியா தந்தை முகம் காணாதவள். முப்பத்தொரு ஆண்டுகளாக அவள் ஊதிவந்தாள். பனியிலும் மழையிலும் குன்றேறிச் சென்று ஊதினாள். ஊதியவருக்கு நன்றி சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது. ஆகவே அந்த முப்பத்தொரு ஆண்டுகளில் அவளுக்கு எவரும் நன்றி சொன்னதில்லை. மணமகளாகவோ தாயாகவோ ஒருபோதும் அழைக்கப்படாத பெண்ணை, அந்த மூச்சுக்காக ஒவ்வொரு வீட்டிலும் கதவு திறந்து அழைத்தார்கள். அவளிடம் இருந்த ஒரே பெருமை அது.

அவள் ஓப்பலுக்கு ஊதினாள். இரண்டாம் காலையில் அவள் உதட்டோரம் ஒரு கொப்புளம் நீர் கோத்து நின்றது. டிரீமா அதைக் கண்டாள். "அண்ணி, உங்க உதட்டுல புண்ணா இருக்கே, ஆறின பிறகு ஊதலாமே" என்று ஒரு வாக்கியம் நாக்கு வரை வந்தது. மரியாதை கருதி விழுங்கினாள். மூன்றாம் காலை, குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்ததும் அவளே. நான்காம் நாள் வெண்படலம் மறைந்தது. வீட்டில் அனைவரும் மகிழ்ந்தார்கள். அவளும்தான்.

இப்போது அந்த வாக்கியம் மறுபடி நாக்கில் வந்து நின்றது. விழுங்குவதற்கு இடமில்லை. சொன்னால் ஒருத்தியின் முப்பத்தொரு ஆண்டுகள் அந்த நடைக்கூடத்திலேயே சாயும். சொல்லாவிட்டால் டாக்டர் கதவைத் திறந்து உள்ளே போய்விடுவார். எந்த மருந்து வேண்டுமென்று தெரியாமலே போய்விடுவார்.

"ஊதினாங்க," என்றாள் டிரீமா.

"டிரீமா," என்றான் ஹோபர்ட்.

"மூணு நாள் ஊதினாங்க. ஒம்பது நாள் முன்னாடி. அப்ப உதட்டுல கொப்புளம் இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுச் சும்மா இருந்தேன்." அவள் டெல்ஃபியாவைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லாமல் டாக்டரின் காலணியைப் பார்த்தாள். "தப்பு அவங்க மேல மட்டும் இல்ல. பிடிச்சுக் குடுத்தது நான்."

டாக்டர் தலையசைத்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளிருந்த செவிலியிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். இரண்டு முறை சொன்னார். உள்ளே காலடிகள் விரைந்தன. அதன் பிறகே அவர் டெல்ஃபியாவின் பக்கம் திரும்பினார்.

"உதட்டக் காட்டுங்கம்மா."

டெல்ஃபியா கைக்குட்டையை விலக்கினாள். டாக்டர் குனிந்து பார்த்தார்.

"பெரியவங்களுக்கு இந்தக் கிருமி ஒண்ணுமே இல்ல. வரும், ஒரு வாரத்துல போகும். ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு. பொறந்த குழந்தைக்கு அப்படி இல்ல. தோல்ல ஆரம்பிச்சு மூளை வரைக்கும் போகும், ஈரலுக்குப் போகும்."

"என் மூச்சா?" என்றாள் டெல்ஃபியா.

"மூச்சு இல்ல. உதடு. வாயோட வாய் வெச்சு ஊதினீங்க இல்ல?"

"அப்படித்தான் ஊதணும்."

"தெரியும்."

"வெள்ளை போச்சே. நாலாவது நாளே போச்சே."

"அது தானா போறது, அம்மா. ஊதலைன்னாலும் போயிருக்கும்."

டாக்டர் இதைக் கடுமையாகச் சொல்லவில்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் டெல்ஃபியா எதிர்த்திருப்பாள். எதிர்க்க அவளுக்குத் தெரியும். இந்தத் தாழ்ந்த குரலை எப்படி எதிர்ப்பதென்று தெரியாமல் அவள் நாற்காலியில் அமர்ந்தாள். கைப்பை மடியிலிருந்து சரிந்தது. தேநீர்க் குப்பி உருண்டு சுவரோரம் போய் நின்றது. எவரும் அதை எடுக்கவில்லை.

"அக்காவுக்கு என்ன தெரியும்?" என்றான் ஹோபர்ட் டாக்டரிடம். "வேணும்னா பண்ணினா?"

"வேணும்னு பண்ணினாங்கன்னு யாரும் சொல்லல, தம்பி. நீங்க ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

அவன் தலை கவிழ்ந்தான்.

"உங்க அக்காவக் காப்பாத்தணும்னு நெனச்சீங்க. சரி. இன்னும் ஒரு மணி நேரத்துல லெக்சிங்டன் பெரிய ஆஸ்பத்திரிலருந்து ஹெலிகாப்டர் வரும். பாப்பாவ அங்க கொண்டு போறோம். மூணு வாரம் மருந்து ஏத்தணும். பெத்தவங்கள்ல ஒருத்தர் கூடப் போகலாம். முதுகுத்தண்டு நீரோட முடிவு வந்தாத்தான் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரியும். இப்போதைக்கு என்னால சொல்ல முடிஞ்சது ஒண்ணுதான். எந்த எதிரின்னு தெரிஞ்சுபோச்சு."

டாக்டர் உள்ளே சென்றார். நடைக்கூடத்தில் மூவரும் எஞ்சினார்கள்.

டிரீமா எதிர்பார்த்தது வசையை. 'உன் வாயால என்னைக் கொன்னுட்ட' என்றொரு சொல்லை எதிர்பார்த்து, அதற்குத் தோளை இறுக்கி நின்றாள். டெல்ஃபியாவோ விரல்களை மடக்கி எதையோ கணக்கிட்டுக்கொண்டிருந்தாள். திங்கள், செவ்வாய், புதன் என்று உதடுகள் அசைந்தன. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

"அண்ணி?"

"ஓப்பலுக்கு முடிச்சது புதன்கிழமை," என்றாள் டெல்ஃபியா. யாரிடம் பேசுகிறாள் என்பது அவளுக்கே தெரியாததுபோல் இருந்தது. "வியாழன் சும்மா இருந்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் ஓடைக்கு அந்தப் பக்கம் போனேன்."

"எங்க?"

"ஜெனீவா வீட்டுக்கு. ஸைஸ்மோர் குடும்பத்துல. அவ பையன் ஓப்பலுக்கு நாலு நாள் இளையவன்."

நடைக்கூடத்தின் கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது. ஹோபர்ட் தலை தூக்கினான்.

"அக்கா, நீ உக்காரு. நான் பேசறேன்."

"நீ பேசினா அவ நம்ப மாட்டா. டாக்டர் பேசினாலும் நம்ப மாட்டா." டெல்ஃபியா எழுந்தாள். "அங்க ஊதினது நான். நான்தான் சொல்லணும்."

செவிலியின் மேசையில் தொலைபேசி இருந்தது. டெல்ஃபியா எண்களை ஒவ்வொன்றாகச் சுழற்றினாள். குன்றேறி எத்தனையோ வீடுகளுக்கு நடந்த அதே உறுதியோடு நின்றாள். டிரீமா அருகில் சென்றாள். டெல்ஃபியா அவளைப் பார்த்து, ரிசீவரைத் தன் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தாள். இருவருக்கும் கேட்கட்டும் என்பதற்காக.

மணி நெடுநேரம் அடித்தது. பிறகு ஓர் இளம்பெண்ணின் குரல், மூச்சிரைக்க வந்தது.

"யாரு?"

"டெல்ஃபியா பேசறேன், ஜெனீவா."

"அக்கா, நீங்களா? துணி காயப்போட்டுட்டு இருந்தேன், ஓடி வந்தேன். உங்களையேதான் நெனச்சேன். சொல்லக் கூடாதுன்னு எங்க அம்மா சொன்னாங்க, அதனால அந்த வார்த்தைய மட்டும் சொல்லல. வாய் முழுக்கச் சுத்தமாயிடுச்சு. ஒரு புள்ளி வெள்ளை இல்ல."

"ஜெனீவா, நான் சொல்றதக் கேளு. பையன் எங்க?"

"தூங்குறான் அக்கா. என்ன ஊதினீங்களோ, அவ்வளவு சாதுவா ஆயிட்டான். ராத்திரி படுத்தவன். காலையிலருந்து பாலுக்குக்கூட எந்திரிக்கல. நானும் எழுப்பல. நீங்கதானே சொன்னீங்க, தூங்குற பிள்ளைய எழுப்பக் கூடாதுன்னு."

டெல்ஃபியா கண்களை மூடித் திறந்தாள். அவளுடைய மற்றொரு கை, பற்றுவதற்கு ஏதேனும் தேடி, டிரீமாவின் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடி வலித்தது. டிரீமா கையை விலக்கிக்கொள்ளவில்லை.

"தப்பாச் சொன்னேன்," என்றாள் டெல்ஃபியா. "ஃபோன வெச்சுடாத. அப்படியே மேசை மேல போட்டுட்டுப் போ. போய் எழுப்பு, ஜெனீவா."

"என்ன அக்கா?"

"எழுப்பு."

மறுமுனையில் ரிசீவர் மரத்தில் பட்ட ஓசை கேட்டது. காலடிகள் அகன்றன. ஓர் அறைக்கதவு திறந்தது. "என் ராஜா, எந்திரிடா," என்று ஜெனீவாவின் குரல் தொலைவில் சிரித்தபடி கேட்டது.

இருவரும் ஒரே ரிசீவரில் காது வைத்து, ஒரு குழந்தையின் அழுகைக்காகக் காத்து நின்றார்கள்.

"எந்திரிடா," என்றாள் ஜெனீவா மறுபடியும். இம்முறை அவள் குரலில் சிரிப்பு இல்லை.